மலை மேலே ஒருவன், கீழே எத்தனை பேர்!

பொங்கல் லீவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த எங்கள் சின்னவள், பெட்டியைத் திறந்து அழுக்குத் துணியை எடுத்துப் போடுவதற்கு முன்னாலேயே ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவள் கல்லூரியில் பாறை ஏறும் குழு ஒன்று இருக்கிறதாம். அதில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறதாம். (ஆறு மாதமாக எங்களுக்குத் தெரியாது என்பதைக் கவனியுங்கள்!) பிப்ரவரியில் பாதாமிக்கு அழைத்துப் போகிறார்கள். செங்குத்தான பாறையில் கயிறு கட்டிக்கொண்டு ஏற வேண்டுமாம். அதற்கு வீட்டிலிருந்து சம்மதக் கையெழுத்து வேண்டும்.

நிதானமாகப் படித்தேன். கீழே பொடி எழுத்தில், காயமோ அதற்கு மேலோ ஏதாவது நேர்ந்தால் கல்லூரி பொறுப்பல்ல என்று ஒரு வரி. ‘அதற்கு மேல்’ என்றால் என்ன என்று பெற்றவளுக்கு யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? வயிற்றில் புளியைக் கரைத்தது.

இவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். “பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குப் பாறையும் மலையும்? நம்ம மலைக்கோட்டையில நல்ல படிக்கட்டு இருக்கு, ஏறிப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு நியூஸ் பேப்பருக்குள் போய்விட்டார். பெரியவன் இரண்டு வருஷம் முன்னால் நண்பர்களோடு லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது இந்த வீட்டில் யாரும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தது இவர். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்தது நான். அதைச் சின்னவள் வாயைத் திறந்து சொல்லவில்லை, பார்வையால் சொன்னாள். “ராத்திரி ஒரு படம் போடறேன், பாரும்மா. பாத்துட்டு அப்புறமா முடிவு பண்ணு” என்றாள்.

அப்படித்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். ‘ஃப்ரீ சோலோ’ என்று பெயர். 2018ல் வந்த அமெரிக்க டாகுமெண்டரி. கயிறோ வேறு எந்தப் பாதுகாப்போ இல்லாமல் தன்னந்தனியாகப் பாறை ஏறுவதற்குத்தான் அந்தப் பெயராம். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். அவர்கள் பேசுகிற ஆங்கிலம் பாதி புரியவில்லை. சின்னவள்தான் அவ்வப்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பார்க்காத சகோதரிகளுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் யோசெமிட்டி என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே எல் காபிடன் என்கிற பிரம்மாண்டமான கருங்கல் பாறை சுவர் மாதிரி நிற்கிறது. உயரம் சுமார் 3,000 அடி. எங்கள் திருச்சி மலைக்கோட்டை 270 அடி சொச்சம். பதினோரு மலைக்கோட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, படிக்கட்டையும் கைப்பிடியையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அதில் அலெக்ஸ் ஹானல்ட் என்கிற பிள்ளை, அப்போது அவருக்கு 31 வயது, 2017 ஜூன் 3ந் தேதி விடியற்காலையில் ஏற ஆரம்பித்தார். காலில் ரப்பர் ஷூ, இடுப்பில் விரல் வழுக்காமல் இருக்கத் தடவிக்கொள்ளும் வெள்ளைத் தூள் பை. அவ்வளவுதான். 3 மணி 56 நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விட்டார். நான் காலை டிபனும் மத்தியானச் சமையலும் முடித்து அடுப்பைத் துடைக்கிற நேரம் அது!

அதற்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ஏறி, எந்த இடத்தில் எந்த விரல், எந்தக் கால் என்று பாடம் பண்ணியிருக்கிறார். நோட்டுப் போட்டு எழுதியும் வைத்திருக்கிறார். 2016ல் ஒரு தடவை கயிறில்லாமல் கிளம்பி, மனசு சரியாக இல்லை என்று பாதியில் திரும்பியும் விட்டார். எனக்கென்னவோ அந்தத் திரும்பல்தான் பெரிய வீரமாகப் பட்டது. அத்தனை காமிராக்காரர்கள் காத்திருக்க, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு வரும்?

தனியாக ஏறுகிறார், தனியாக ஏறுகிறார் என்கிறார்களே, அப்போது இந்தப் படத்தை யார் எடுத்தது என்று எனக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. சின்னவளைக் கேட்டேன். “அதாம்மா பாயின்டே” என்றாள்.

பாறையில் ஆங்காங்கே கயிற்றில் தொங்கிக்கொண்டு ஒரு குழுவே எடுத்திருக்கிறது. அவர்களும் நன்றாகப் பாறை ஏறத் தெரிந்தவர்கள். காமிராவைப் பார்த்து அவர் கவனம் சிதறினால் போச்சு. ஒரு சின்னக் கல் கீழே விழுந்தாலும் போச்சு. தங்களுடைய நண்பன் சாவதைத் தாங்களே படம் எடுக்க நேருமோ என்ற பயத்தை அவர்கள் மறைக்கவே இல்லை, வாய்விட்டே பேசிக்கொள்கிறார்கள். சுமார் 2,000 அடி உயரத்தில் ஒரு இடம். கட்டைவிரல் நுனிக்குத்தான் பிடி இருக்கிறது, அங்கிருந்து இடது காலைக் கராத்தே உதை மாதிரி வீசிப் பக்கத்துப் பாறையில் ஊன்ற வேண்டும். அங்கே மட்டும் மனிதர்கள் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டு, தானாக ஓடும் காமிராவை வைத்தார்கள். கீழே தரையில் காமிராவோடு நின்ற ஒருவர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. பேரன் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொண்ட பத்து நாளும் அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றாலும் போகமாட்டார்.

இந்தப் படத்தை டைரக்ட் செய்தவர்கள் இரண்டு பேர், அப்போது கணவன் மனைவி. கணவர் ஜிம்மி சின், சீனாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் பிள்ளை. அவரும் மலையேறுகிறவர், கயிற்றில் தொங்கிய காமிராக்காரர்களில் ஒருவர். மனைவி எலிசபெத் சாய் வசர்ஹெலி. அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா ஹாங்காங்கிலிருந்து வந்தவர். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். பாறை ஏறுவது இந்த அம்மாளின் தொழில் இல்லை. அது ரொம்ப முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மலையேறுகிறவர்களே மலையேறுகிறவனைப் படம் எடுத்தால் பாறையையும் விரலையும் காட்டுவார்கள். இந்தப் படத்தில் பாறைக்குச் சமமாக ஒரு பெண்ணின் முகத்தையும் காட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் சானி. அலெக்ஸின் சிநேகிதி, பிறகு மனைவியானவள். அவர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு விழாவில் தன் ஃபோன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தவள்! பல வருஷமாக வேனிலேயே குடித்தனம் நடத்தியவரை வீடு வாங்க வைக்கிறாள், ஃபிரிட்ஜ் வாங்க அளவு எடுக்கிறாள். ஒரு தடவை அவர் ஏறும்போது கயிறு பிடித்தவளும் இவள்தான். கீழே இறக்கும்போது கயிறு நீளம் போதாமல் நுனி கையை விட்டுப் போய்விட்டது. நுனியில் முடிச்சுப் போட்டிருந்தால் நடந்திருக்காது. அவர் விழுந்து முதுகெலும்பில் அடி. இவளை விட்டுவிடலாமா என்று தனக்குத் தோன்றியதை அந்தப் பிள்ளை காமிரா முன்னால் கூச்சமில்லாமல் சொல்கிறார். அவளும் பக்கத்தில் இருந்துகொண்டே கேட்கிறாள்.

(நீலகிரியில் பாறைத் தேன் எடுக்கும் குறும்பர்கள் கொடியைப் பிடித்துக்கொண்டு மலை முகட்டிலிருந்து இறங்குவார்கள். மேலே கொடியைக் காப்பது மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் சொல்வார்கள். அக்கா தங்கை தாலி அறுக்க எந்தத் தம்பியும் கை தளரவிட மாட்டான் அல்லவா? எத்தனை தலைமுறையாக அவர்கள் இப்படி இறங்குகிறார்கள்! அவர்களை விளையாட்டு வீரர்கள் என்று நாம் யாரும் சொல்வதில்லை.)

எனக்கு மறக்காத காட்சி ஒன்று. அவள் அவரிடம் நயமாகக் கேட்கிறாள்: உன் வாழ்க்கையில் நான் வந்துவிட்டேனே, இனிமேல் இந்த மாதிரி முடிவு எடுக்கும்போது என்னையும் கணக்கில் சேர்ப்பாயா? அவர் யோசித்து, உன் கவலை எனக்குப் புரிகிறது, ஆனால் நீண்ட நாள் உயிரோடு இருக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை என்கிற மாதிரி பதில் சொல்கிறார். காமிரா உடனே அவர் பக்கம் போய்விடவில்லை. அவள் முகத்திலேயே நிற்கிறது. அந்தப் பெண் அழவில்லை, சண்டை போடவில்லை. நாம் எல்லோரும் ஒரு சமயம் இல்லாவிட்டால் ஒரு சமயம் வைத்துக்கொண்டிருக்கும் முகம்தான் அது. அதை வெட்டி எறிந்திருந்தால் படம் நிமிஷக் கணக்கில் குறைந்திருக்கும், பாறை அப்படியேதான் இருந்திருக்கும். வெட்டக்கூடாது என்று தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கிறார்.

ஏறும் நாளுக்கு முன்னால் அவள் பள்ளத்தாக்கை விட்டுப் போய்விடுகிறாள். வண்டி ஓட்டிக்கொண்டே அழுகிறாள். உச்சியை அடைந்த பிறகு அவர் அவளிடம் பேசுகிறார்.

2019 பிப்ரவரி 24ந் தேதி இந்தப் படத்துக்குச் சிறந்த டாகுமெண்டரி என்று ஆஸ்கார் பரிசு கிடைத்தது. மேடையில் வசர்ஹெலி அம்மாள், படத்துக்குப் பணம் போட்ட நேஷனல் ஜியாக்ரஃபிக்குக்கு நன்றி சொன்னார். எதற்கு? பெண்களையும் வெள்ளையர் அல்லாதவர்களையும் நம்பி வேலை கொடுத்ததற்கு. நாங்கள் வந்தால் படம் இன்னும் நன்றாகத்தான் ஆகும் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

இதைச் சின்னவள் எனக்குத் தனியாகப் போட்டுக் காட்டினாள். அவள் குழுவில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்ததாம். “மேடையில மட்டும் பேசினாப் போதுமா? படம் பூரா வெள்ளைக்கார ஆம்பளைங்கதானே ஏறறாங்க? இதுல என்ன எல்லாருக்கும் இடம் குடுத்துட்டாங்க?” என்று ஒரு பையன் கேட்டானாம். “நீ என்னடி சொன்னே?” என்றேன். “எனக்கும் பதில் தெரியலம்மா” என்றாள்.

எனக்கு அந்தப் பையன் கேட்டது தப்பாகத் தெரியவில்லை. பாறையைத் தொடுகிற கைகள் எல்லாம் ஒரே மாதிரி கைகள்தான். ஆனால் அந்த வருஷம் டாகுமெண்டரிப் போட்டியில் இருந்த ஐந்து படங்களை எண்ணிப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. ஒன்று அலபாமாவில் வாழும் கறுப்பு மக்களைப் பற்றி, எடுத்தவர் கறுப்பினத்தவர். ஒன்று ஸ்கேட்டிங் பலகை விடும் மூன்று பையன்களைப் பற்றி. எடுத்தவர் சீனாவில் பிறந்து அமெரிக்கா வந்தவர். ஒன்று சிரியாவில் ஒரு போராளியின் வீட்டைப் பற்றி, எடுத்தவர் சிரியாக்காரர். ஒன்று அமெரிக்க உச்ச நீதிமன்றப் பெண் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் பற்றி. எடுத்தவர்கள் இரண்டு பெண்கள். ஐந்தாவது இந்தப் படம். ஐந்திலும் வெள்ளைக்கார ஆண் டைரக்டர் ஒருவர்கூட இல்லை! அதே ராத்திரி சிறிய டாகுமெண்டரிக்கான பரிசு எதற்குக் கிடைத்தது என்று நினைவிருக்கிறதா? உத்தரப் பிரதேச கிராமத்துப் பெண்கள் மாதவிலக்கு நாப்கின் தயாரிக்கும் படத்துக்கு. டைரக்டர் ரைகா செடாப்சி, ஒரு இளம் பெண். அந்த நாப்கின் மெஷினைக் கண்டுபிடித்தவர் நம்முடைய கோயம்புத்தூர் முருகானந்தம். படத்திலும் வருகிறார். மாதவிலக்கு என்ற வார்த்தையை மெடிக்கல் ஷாப்பில் குரலை இறக்கிச் சொல்லும் நமக்கு, அதை அந்த மேடையில் ஒரு பெண் உரக்கச் சொன்னது சாதாரண விஷயமா?

ஆகவே திரையில் யார் ஏறுகிறார் என்று பார்ப்பதோடு, யார் காமிராவுக்குப் பின்னால் நிற்கிறார் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு இந்தப் படத்துக்கு முழு மார்க் போடவும் எனக்கு மனமில்லை. அதே பாறையில் பெண்கள் ஏறியதே இல்லையா? 1978ல் பெவர்லி ஜான்சன் என்ற பெண் கயிறு, கொக்கி எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு, துணைக்கு ஆளில்லாமல், பத்து நாள் பாறையிலேயே தூங்கி எழுந்து ஏறி முடித்தாள். 1993ல் லின் ஹில் என்ற பெண், அந்தப் பாறையில் ‘மூக்கு’ என்று பெயர் பெற்ற பாதையை, விழுந்தால் தாங்க மட்டும் கயிறு வைத்துக்கொண்டு, கையாலும் காலாலுமே ஏறினாள். ஆணோ பெண்ணோ அதுவரை ஒருவராலும் முடியாதது அது. அடுத்த வருஷம் ஒரே நாளுக்குள் ஏறிக் காட்டினாள். ஐந்தடி இரண்டங்குலம் உயரம். அவள் விரல் சின்னது, அதனால்தான் இடுக்கில் நுழைந்தது என்று சொன்னவர்களும் உண்டாம். ஜெயித்தால் விரல் காரணம், தோற்றால் பெண் என்பது காரணம்!

சின்னவள் அடுத்துச் சொன்ன கதையைக் கேட்டு அன்றைக்குத் தூக்கமே போய்விட்டது. அலிசன் ஹார்கிரீவ்ஸ் என்று இங்கிலாந்துப் பெண். 1988ல் வயிற்றில் பிள்ளையோடு ஆல்ப்ஸ் மலையின் பயங்கரமான ஐகர் சிகரம் ஏறியவள். 1993ல் ஆல்ப்ஸின் ஆறு பெரிய வடக்குச் சுவர்களைத் தனியாக ஏறினாள். 1995 மே மாதம் ஆக்ஸிஜன் இல்லாமல், சுமை தூக்க ஷெர்பா உதவி இல்லாமல் எவரெஸ்ட் ஏறினாள். ஆகஸ்டில் கே2 சிகரத்தில் ஏறிவிட்டு இறங்கும்போது புயலில் போய்விட்டாள். வயது 33. பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு நாலு.

போனவளுக்காக அழுவதற்கு முன்னால் பத்திரிகைகள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டன. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு இவளுக்கு மலை ஒரு கேடா என்று. குழந்தைகளை விட்டு மலையில் செத்த தகப்பன்மார்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாம் மாவீரர்கள். இவள் மட்டும் பொறுப்பில்லாதவள்.

சகோதரிகளே, ஒளிக்காமல் சொல்கிறேன். கேட்டதும் எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. “நாலு வயசுப் பொண்ணை விட்டுட்டு எப்படிடி போனா?” என்று கேட்டுவிட்டேன். சின்னவள் என்னையே பார்த்தாள். “அண்ணா லடாக் போனப்போ...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த ஆறு வயதுப் பையன் டாம் பாலர்டும் வளர்ந்து மலை ஏறினான். அம்மா தனியாக ஏறிய அந்த வடக்குச் சுவர்களை அவனும் தனியாக ஏறினான். 30 வயதில் பாகிஸ்தானிலுள்ள நங்கபர்வதத்தில் ஒரு நண்பரோடு காணாமல் போனான். அவர்களிடமிருந்து கடைசியாகத் தகவல் வந்த தேதி 2019 பிப்ரவரி 24. ‘ஃப்ரீ சோலோ’வுக்குப் பரிசு கிடைத்த அதே தேதி. இதைக் கேட்டதிலிருந்து, அலெக்ஸ் உச்சியில் நின்று சிரிக்கும் காட்சியை நினைத்தால் கூடவே இந்தப் பிள்ளையும் வந்து நிற்கிறான்.

படத்தில் எனக்குப் பெரிய குறை, அலெக்ஸின் அம்மா. பெயர் டியர்ட்ரா வொலானிக். பிரெஞ்சு சொல்லிக் கொடுத்த டீச்சர். படத்தில் சில நிமிஷம் வருகிறார், போகிறார். பிள்ளை கயிறில்லாமல் ஏறப்போவதை அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தால் அந்த நாலு மணி நேரம் எப்படி இருந்திருக்கும்? சொல்லாமல் விட்டது கருணையா, அலட்சியமா என்று நானும் சின்னவளும் ரொம்ப நேரம் பேசினோம். “சொல்லாம விட்டாத்தாம்மா உங்களுக்கு நல்லது” என்றாள். ஆறு மாதமாக எங்களிடம் மறைத்தவளாயிற்றே, வேறு எப்படிச் சொல்வாள்!

தங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதே கிடையாது, அன்பு என்ற வார்த்தையை யாரும் சொன்னதில்லை, கட்டிக்கொள்வது எப்படி என்று இருபது வயதுக்கு மேல்தான் தானாகப் பழகிக்கொண்டேன் என்று அலெக்ஸ் படத்தில் சொல்கிறார். அவருடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். மூளையை ஸ்கேன் பண்ணியும் பார்த்திருக்கிறார்கள். நமக்கெல்லாம் பயம் வந்தால் மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பாகம் அலாரம் அடிக்குமாம். பயங்கரமான படங்களைக் காட்டியும் இவருக்கு அது சும்மா இருந்ததாம். பிறவியா, வருஷக்கணக்கான பழக்கமா என்று ஒரு ஸ்கேனை வைத்துச் சொல்லிவிட முடியாது. இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? குழந்தையைக் கட்டிக்கொள்ளாததால் மலை ஏறினான் என்று முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். எதற்கெடுத்தாலும் தாயின் வளர்ப்பில் கொண்டுபோய் நிறுத்துவது நம் ஊரில் மட்டும்தான் வழக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

டியர்ட்ரா அம்மாளின் மீதிக் கதை படத்தில் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு, பிள்ளை ஓயாமல் பேசுவது என்னவென்று தெரிந்துகொள்ள, அவரையே அழைத்துக்கொண்டு பாறை ஏறப் பழகியிருக்கிறார் இந்த அம்மாள்! பிள்ளை கயிறில்லாமல் ஏறிய அதே 2017ல், சில மாதம் கழித்து, பிள்ளையோடு கயிறு கட்டிக்கொண்டு எல் காபிடன் ஏறிவிட்டார். வயது 66. அந்தப் பாறையை ஏறிய பெண்களிலேயே மூத்தவர் என்று பேர் வாங்கினார். 2021ல் எழுபதாவது பிறந்த நாளுக்கு மறுபடி போய் உச்சியில் கொண்டாடினார். நடுவில் 2019ல் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதினார். மகன் படத்தில் சில நிமிஷம் வந்தவர் தன் புத்தகத்தில் முதலிலிருந்து கடைசி வரை இருக்கிறார். எனக்கு 46 வயது. மாடிப்படி ஏறினால் முழங்கால் கடகடவென்கிறது. படித்ததிலிருந்து படி ஏறும்போதெல்லாம் இந்த அம்மாள் நினைவுதான்.

இன்னொருவரையும் படத்தில் காணோம். அந்தப் பள்ளத்தாக்கு காலிமனை இல்லை. மீவோக் இன மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஊர். 1851ல் வெள்ளையரின் படை புகுந்து அவர்களை விரட்டியது. அந்தப் பாறைக்கு அவர்கள் வைத்த பெயர் டுடோகானுலா. அதற்கு ஒரு கதை உண்டு, குழந்தைகளுக்குச் சொல்லலாம். இரண்டு சின்னப் பையன்கள் ஆற்றில் குளித்துவிட்டு ஒரு பாறையில் படுத்துத் தூங்கிவிட்டார்கள். பாறை ராத்திரியோடு ராத்திரியாக வளர்ந்து வானத்தைத் தொட்டுவிட்டது. சுண்டெலி தாவிப் பார்த்தது, கரடி தாவிப் பார்த்தது, சிங்கம் தாவிப் பார்த்தது, ஒன்றாலும் முடியவில்லை. கடைசியில் முழம் போட்டு நடக்குமே ஒரு பச்சைப் புழு, அது முழம் முழமாக ஊர்ந்து போய்ப் பையன்களைக் கீழே கொண்டுவந்து சேர்த்ததாம். அந்தப் புழுவின் பெயர்தான் பாறைக்கு. அவர்கள் கதையில் ஏறியவன் பெரிய பலசாலியும் இல்லை, பேருக்காகவும் ஏறவில்லை. இத்தனை தரம் பாறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிய காமிரா இந்தக் கதைக்கு ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம்.

மறுநாள் காலை இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றிவிட்டு அந்தக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து போடும் இடத்தில் ‘தந்தை அல்லது காப்பாளர்’ என்றுதான் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. முந்தின நாள் என் கண்ணில் படவில்லை. தந்தை என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே தாய் என்று எழுதினேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கயிறு நல்ல கயிறுதானா, கேட்டியா?” என்றார்.

சின்னவளிடம் கேட்டேன், உனக்குக் கயிறு பிடிக்கப்போவது யார் என்று. அவளுடைய ரூம்மேட்டாம், மைசூர்ப் பெண். உடனே ஃபோன் போடு என்றேன். “அம்மா! மானம் போகும்!” என்றாள். போட்டால்தான் கையெழுத்து என்றேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் தெரியாது. கயிற்றின் நுனியில் மறக்காமல் முடிச்சுப் போடுவாயா என்று சின்னவளையே கன்னடத்தில் கேட்கச் சொன்னேன். அந்தப் பக்கம் முதலில் ஒரே சிரிப்பு. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சரிபார்த்த பிறகுதான் தரையை விட்டுக் காலை எடுப்போம் ஆண்ட்டி என்று சொன்னாளாம்.